கிரெனோபிள் குளிர்: ஒரே ஊருக்கு போனில் இரண்டு வெப்பநிலை, எதை நம்புவது?

மலைக்கோட்டை_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் செப்டம்பர் முதல் வாரம் மேற்படிப்புக்கு பிரான்சில் உள்ள கிரெனோபிள் போகிறாள், இரண்டு வருடப் படிப்பு. அட்மிஷன் கடிதம் வந்த நாளிலிருந்து என் போனில் திருச்சிக்குக் கீழே கிரெனோபிளையும் சேர்த்துவைத்து, காலையும் மாலையும் பார்த்து ஒரு டைரியில் குறித்துக்கொண்டு வருகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

என் குழப்பம் இதுதான். பிப்ரவரியில் ஒரு நாள் காலை ஒரு ஆப்பில் மைனஸ் 5, அதே நேரம் இன்னொரு ஆப்பில் மைனஸ் 1. ஏப்ரலில் ஒரு நாள் 24 வரை போனது, நான்கே நாள் கழித்துக் காலையில் 2. இப்போது ஜூன் கடைசி, நேற்று அவர்கள் நேரம் மாலை 6 மணிக்கு 36! திருச்சியில் நேற்று அதிகபட்சமே 37தான். ஆல்ப்ஸ் மலையடிவாரம், 1968 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் என்றெல்லாம் படித்துவிட்டு ஊட்டி மாதிரி இருக்கும், எப்போதும் ஸ்வெட்டரோடு திரியலாம் என்று நினைத்திருந்தேன். இது என்ன கணக்கு என்றே புரியவில்லை.

அங்கே இருப்பவர்கள் யாராவது, எந்த மாதம் உண்மையிலேயே எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா? பிள்ளைக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்போது எப்போதாவதுதான் வருகிறது, அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன். அவளிடம் கேட்டால் “அப்பா, அங்கேயும் மனுசங்கதான் இருக்காங்க” என்று முடித்துவிடுகிறாள்.

ஐசேர்_கரை

ஐயா வணக்கம். நான் இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதலில் ஊட்டியை மறந்துவிடுங்கள். ஊட்டி மலைக்கு மேலே இருக்கிறது, கிரெனோபிள் மலைகளுக்கு நடுவில் கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 210 மீட்டர் சொச்சம்தான் உயரம், நம்ம கோயம்புத்தூர் இதைவிட உயரம். ஊரும் மேசை மாதிரி தட்டை, அதனால்தான் இங்கே பாதிப் பேர் சைக்கிளில் போகிறார்கள். ஆனால் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் முன்னால் ஒரு மலை நிற்கும். மேற்கே வெர்கோர், வடக்கே ஷார்த்ரூஸ், கிழக்கே பெல்தோன். பெல்தோனின் உச்சி 2,977 மீட்டர். இந்த மூன்றுக்கும் இடையே ஐசேர், திராக் என்ற இரண்டு ஆறுகள் வந்து சேரும் பள்ளம்தான் ஊர். இங்குள்ள வெப்பநிலை பாதி மாதத்தைப் பொறுத்தது, மீதி பாதி நீங்கள் எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உங்கள் இரண்டு ஆப் விஷயத்துக்கு வருகிறேன். கிரெனோபிள் விமான நிலையம் என்று பெயர்தான், அது ஊரிலேயே இல்லை. சுமார் 40 கிலோமீட்டர் வடமேற்கே, மலைகளைத் தாண்டி, பியேவ்ர் என்ற திறந்த சமவெளியில், 400 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று தாராளமாக அடிக்கும். சில ஆப்கள் அந்த நிலையத்தின் எண்ணை எடுத்து “கிரெனோபிள்” என்று போட்டுவிடும். ஊருக்கு வடகிழக்கே பள்ளத்தாக்குக்குள்ளேயே லெ வெர்சூ என்று ஒரு சின்ன விமானத்தளம் உண்டு, 220 மீட்டர் உயரம், அங்கேயும் வானிலை நிலையம் இருக்கிறது. ஊருக்கு அதுதான் கிட்டத்தட்டச் சரி. போனில் லெ வெர்சூ என்று தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஊர் நடுவில் கட்டடங்களுக்கு இடையே இரவில் ஒன்றிரண்டு டிகிரி கூடத்தான் இருக்கும்.

மாதக் கணக்கு தோராயமாக: ஜனவரியில் பகல் 6, 7, இரவு பூஜ்யத்தை ஒட்டி. ஏப்ரலில் பகல் 17, 18, ஆனால் அது சராசரிதான், நீங்கள் குறித்த மாதிரி 24க்கும் 2க்கும் நடுவில் ஊஞ்சல் ஆடும். ஜூலையில் பகல் 28, 29, இரவு 15, 16. அக்டோபரில் மறுபடி பகல் 18 பக்கம். எண்களாகப் பார்த்தால் பயமுறுத்துவது ஒன்றுமில்லை. அனுபவம் வேறு மாதிரி இருப்பதற்குக் காரணம் கிண்ணம்தான்.

குளிர்காலத்தில் நடப்பதைச் சொல்கிறேன், இது புரிந்தால் பாதி ஊர் புரிந்த மாதிரி. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்து காற்று நின்றுவிட்டால் தரையின் சூடு நீண்ட இரவு முழுக்க மேலே போய்விடும், சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்துப்போய் வழிந்து கீழே பள்ளத்தில் தேங்கும். சுற்றிலும் மலைச்சுவர், கலைத்துவிடக் காற்று இல்லை, டிசம்பர் நடுப்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 21 டிகிரி உயரம்தான் ஏறும், அதற்கு இதைக் கிளறிவிடும் தெம்பு கிடையாது. அதனால் கீழே மூடுபனியோடு மைனஸ் 2, மேலே ஆயிரம் மீட்டரில் வெயிலோடு 6, 7. தலைகீழ். நான் முதல் வருடம் பத்து நாள் சூரியனையே பார்க்காமல், என்னடா ஊர் இது என்று வெறுத்துப்போய் இருந்தேன். ஆபீஸில் ஒருவர் “மேலே போய்ப் பார்” என்றார். பஸ் பிடித்து சேன் நிசியே என்ற ஊருக்குப் போனேன், 1,160 மீட்டர் சொச்சம். பாதி மலையில் ஒரு வளைவில் பஸ் மூடுபனிக்குள்ளிருந்து வெளியே வந்தது, பஸ்ஸில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ணைச் சுருக்கினோம். மேலே ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கீழே பள்ளம் முழுக்கப் பாலை ஊற்றி வைத்தது போல மேகம், அந்தப் பாலுக்கு அடியில்தான் என் வீடு.

ஓலைவெடி

ஜூன்ல 36னு போடுது, நீங்க ஸ்வெட்டர் பத்திக் கேக்கறீங்க. ரெண்டு டஜன் பனியன் குடுத்து அனுப்புங்க சார்.

வன்னிப்பூ

சிரிக்காதையுங்கோ, அவர் சொல்வது உண்மை. ஐயா, நான் இப்போது லியோனில் இருக்கிறேன், அதற்கு முன் கிரெனோபிளில் மூன்று வருடம் இருந்தேன். எல்லாரும் குளிரைப் பற்றியே கதைக்கிறார்கள். குளிருக்கு ஹீட்டர் இருக்கிறது, கோட் இருக்கிறது. வெக்கைக்கு அங்கே ஒன்றும் இல்லை. பெரும்பாலான பிரெஞ்சு வீடுகளில் ஏசி கிடையாது, சீலிங் ஃபேன் என்றால் கடையில் கூட யோசிப்பார்கள்.

நான் இருந்தது கூரைக்கு நேர் கீழே ஒரு சின்ன அறை, மேற்குப் பார்த்த பெரிய யன்னல், யன்னலுக்கு வெளியே வொலே இல்லை. வொலே என்றால் யன்னலுக்கு வெளிப்பக்கம் மூடும் மரக் கதவோ சுருள் தட்டியோ, பிரெஞ்சுக்காரர் கோடையைச் சமாளிப்பதே அதை வைத்துத்தான். வீடு பார்த்தது நவம்பரில், எனக்கு என்ன தெரியும், வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சந்தோசமாகக் கையெழுத்துப் போட்டேன். ஜூலையில் ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் மாதா படத்துக்கு முன்னால் வைத்திருந்த மெழுகுதிரி இடுப்பில் வளைந்து கும்பிடுகிற மாதிரி நிற்குது. பற்ற வைக்காத திரி! அன்று இரவு ஈரத் துவாயை நெற்றியில் போட்டுக்கொண்டு தரையில் படுத்தேன்.

நீங்கள் மாலை 6 மணிக்கு 36 என்று குறித்தது ஆப்பின் பிழை இல்லை. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள், சூரியன் உச்சிக்கு வருவதே பகல் ஒன்றரை தாண்டித்தான், மறைவது இரவு ஒன்பதரைக்கு. அதனால் பின்னேரம் ஐந்து, ஆறுதான் உச்ச வெயில். ஊரில் நாங்கள் மாலையில் யன்னலைத் திறந்துவிட்டுக் காற்று வாங்குவோமே, அதை அங்கே செய்தால் சூட்டை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி. காலை எட்டு, ஒன்பதுக்கெல்லாம் யன்னலையும் வொலேயையும் பூட்டி, இருட்டுக்குள் இருந்து, இரவு பத்து பதினொன்றுக்குப் பிறகு எல்லாவற்றையும் அகலத் திறக்க வேண்டும். அப்போது மலையிலிருந்து ஒரு காற்று இறங்கும், நல்லாயிருக்கும். குழாய்த் தண்ணீரும் கோடையிலேயே ஜில்லென்று வரும், மலையடி நிலத்தடி நீர், சுத்திகரிக்கத் தேவையில்லாமல் அப்படியே வீட்டுக்கு விடுகிறார்கள்.

2003 ஆகஸ்ட் வெக்கையில் பிரான்ஸ் முழுக்க ஏறக்குறைய 15,000 பேர் போய்ச் சேர்ந்தார்கள், கனபேர் தனியாக இருந்த வயோதிபர். அதற்குப் பிறகுதான் 2004இலிருந்து வெக்கைக்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை போடுகிறார்கள். பிள்ளையிடம் மெத்தியோ பிரான்ஸ் ஆப்பை இறக்கச் சொல்லுங்கள், கிரெனோபிள் இருக்கிற ஐசேர் மாவட்டம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

மலைக்கோட்டை_அப்பா

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி, இரண்டையும் என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மெழுகுவர்த்திக் கதையில் அவள் ரொம்பப் பயந்துவிட்டாள்.

இப்போது இன்னொரு கேள்வி, இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். மகள் இரண்டு அறை பார்த்து வைத்திருக்கிறாள். ஒன்று ஃபோன்தேன் என்ற இடத்தில், ஊருக்கு மேற்கே, தரைத்தளம், டிராம் பக்கத்தில், வாடகை குறைவு. இன்னொன்று ஊர் நடுவில் எட்டாவது மாடி, அதுதான் கடைசி மாடியும், மேற்குப் பார்த்த ஜன்னல், போட்டோவில் பெல்தோன் மலை தெரியாது ஆனால் வெர்கோர் தெரிகிறது என்கிறாள். வெளிக்கதவு மாதிரி எதுவும் போட்டோவில் இல்லை. கல்லூரி சேன் மார்த்தேன் தேர் வளாகத்தில். எதை எடுக்கச் சொல்லட்டும்?

வன்னிப்பூ

எட்டாவது மாடி, மேற்கு, வொலே இல்லை. ஐயா, அது என்னுடைய அறையேதான் போல! வேண்டவே வேண்டாம். ஃபோன்தேனை எடுங்கள்.

ஐசேர்_கரை

மன்னிக்கணும் அக்கா, ஃபோன்தேனிலும் எனக்கு முழுசாகச் சம்மதமில்லை. ஐயா, ஃபோன்தேன் வெர்கோர் சுவரின் காலடியில் இருக்கிறது. மேற்கிலும் தென்மேற்கிலும் மலை செங்குத்தாக எழும்பி நிற்கும். டிசம்பரில் மலையை ஒட்டிய தெருக்களில் மதியம் இரண்டரை, மூன்றுக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், பஞ்சாங்கப்படி அஸ்தமனம் ஐந்துக்குப் பக்கத்தில் என்றாலும். தரைத்தளம், வெயில் படாத சுவர், மூடுபனிக் காலத்து ஈரம், இதெல்லாம் சேர்ந்தால் ஜன்னல் ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். வீசிங் உள்ள பிள்ளைக்கு அது ஆகாது. நான் வந்த புதிதில் அப்படி ஓர் அறையில் இருந்தேன், அலமாரிக்குப் பின்னால் என் ஒரே கோட் பச்சை பூத்துப் போய்க் கிடந்ததை ஏப்ரலில்தான் பார்த்தேன்.

கோடையில் அதே ஃபோன்தேன் சொர்க்கம் என்பதும் உண்மை. மாலை வெயில் சீக்கிரம் மறைந்துவிடும். ஒரே அறை ஆறு மாதம் நல்லது, ஆறு மாதம் கெட்டது. கிழக்கோ தெற்கோ பார்த்த, இரண்டிலிருந்து நான்காவது மாடிக்குள், மேலே இன்னொரு வீடு இருக்கிற, வொலே உள்ள அறையாகத் தேடச் சொல்லுங்கள். வடக்குக் கரையில் லா திரோன்ஷ் பக்கம் ஷார்த்ரூஸ் சரிவு தெற்கே பார்த்திருப்பதால் குளிர்காலத்தில் நல்ல வெயில் விழும், ஆனால் வாடகையும் அதற்கேற்ப ஏறும். கட்டடம் முழுக்கப் பொதுச் சூடேற்றியா என்றும் கேட்கட்டும். இந்த ஊரில் பாரிசுக்கு அடுத்தபடி பிரான்சிலேயே பெரிய பொது வெந்நீர்க் குழாய் வலை இருக்கிறது, அதில் இணைந்த கட்டடம் என்றால் கரண்ட் பில் பயம் குறைவு. ஒன்று, அக்டோபர் நடுவில்தான் பொதுவாகத் திறப்பார்கள், ஏப்ரல் நடுவில் மூடிவிடுவார்கள். அந்த இரண்டு எல்லையிலும் ஒரு வாரம் வீட்டுக்குள் நடுங்க வேண்டியிருக்கும். திறந்த பிறகும் சட்டப்படி சராசரி 19 டிகிரிதான். நம்ம ஊர்க்காரர்களுக்கு 19 என்பது மார்கழி விடியற்காலை. வீட்டுக்குள் போட ஒரு ஸ்வெட்டரும் தடித்த சாக்ஸும் அவசியம், வெளியே போடும் கோட்டை விட இதுதான் முதல் வருடம் அதிகம் தேவைப்பட்டது.

வன்னிப்பூ

சரி, பூஞ்சை விசயத்தில் தம்பி சொல்வது நியாயம். தோற்றுப்போனேன். ஆனால் வொலே மட்டும் கட்டாயம், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வாதுமை_பொறுக்கி

நான் இங்கே இரண்டாம் வருட மாணவன், எனக்கும் வீசிங் உண்டு, அதனால் அந்தப் பக்கம் மட்டும் சொல்கிறேன் அங்கிள். மேலே சொன்ன மூடி போட்ட குளிர் நாட்களில் குளிர் மட்டும் தேங்காது, புகையும் தேங்கும். பள்ளத்தாக்கு வீடுகளில் விறகு அடுப்பு நிறைய, குளிர்கால நுண்துகளுக்கு அதுதான் முக்கியக் காரணம், வண்டிப் புகை அதற்கு அடுத்தது. மாசு எச்சரிக்கை விட்டால் நெடுஞ்சாலை வேகத்தைக் குறைப்பார்கள். அந்த நாட்களில் நான் ஓடப் போவதில்லை, சைக்கிளை விட்டுவிட்டு டிராமில் போவேன். இன்னொரு எதிரி ஆகஸ்ட், செப்டம்பரில் வரும், ஆம்ப்ருவாசி என்ற களையின் மகரந்தம், இந்தப் பகுதியில் அதிகம். உங்கள் மகள் வந்து இறங்கும் நேரமே அதுதான், எனக்கு வந்த இரண்டாவது வாரமே மூக்கு ஒழுக ஆரம்பித்தது, ஜலதோஷம் என்று மிளகு ரசம் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். இன்ஹேலரும் டாக்டர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.

செப்டம்பர் இங்கே அருமையான மாதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் 12, மதியம் 25. அக்டோபர் தொடங்கும்போது வாதுமைக்காய், அதாவது வால்நட், உலுக்குவார்கள், கிரெனோபிள் வாதுமைக்கு 1938லேயே அரசுத் தர முத்திரை கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் ஃபென் என்று ஒரு தெற்குக் காற்று. மலையைத் தாண்டி இறங்கும்போது அமுங்கிச் சூடாகி உலர்ந்து வரும், நவம்பரில் கூட ஒரே இரவில் பத்து டிகிரி ஏறும், மலையெல்லாம் கிட்டே வந்துவிட்ட மாதிரி துல்லியமாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு கோட்டை உள்ளே எடுத்து வைக்கக் கூடாது, காற்று திரும்பினால் மறுநாள் மழை, அதற்கு மறுநாள் மேலே பனி. அங்கிள் ஏப்ரலில் குறித்த 24, 2 கூட இப்படி ஏதாவதாக இருக்கலாம். உள்ளூர்க்காரர்கள் மே 11, 12, 13 தேதிகளைப் பனிப் புனிதர்கள் நாள் என்பார்கள், அது தாண்டும்வரை தக்காளி நாற்றை வெளியே நட மாட்டார்கள்.

ஒரு விழுந்த கதை. பிப்ரவரி காலை, சாலை ஈரமாக இருக்கிறது என்று நினைத்து சைக்கிளைத் திருப்பினேன், அது ஈரமில்லை, கண்ணாடி மாதிரி உறைந்த படலம். பாலத்து மேலேதான் அது முதலில் பிடிக்கும். இரண்டு வாரம் முழங்கையில் கட்டு.

மலைக்கோட்டை_அப்பா

ஊருக்குள் பனி எவ்வளவு விழும்? அவள் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வேறு குதிக்கிறாள்.

ஐசேர்_கரை

ஊருக்குள் வருடத்துக்குச் சில நாள்தான், அதுவும் மறுநாளே சேறாகிவிடும். சறுக்க மேலே போக வேண்டும், ஷாம்ரூஸ் வரை இங்கிருந்தே பஸ் உண்டு, ஒலிம்பிக்கில் மலைச்சறுக்குப் போட்டிகள் நடந்த அதே இடம். அந்த ஒலிம்பிக்கிலேயே வெயில் பெரிய தலைவலியாக இருந்தது. ஆல்ப் துவெஸில் பாப்ஸ்லெட் பாதை உருகியதால் நால்வர் போட்டியை நான்கு ஓட்டத்துக்குப் பதில் இரண்டோடு முடித்தார்கள். இப்போது இன்னும் மோசம். ஷார்த்ரூஸில் கோல் த போர்த் என்ற கணவாயில், 1,325 மீட்டர் உயரத்தில், 1960இலிருந்து பனி ஆழத்தை அளந்து வருகிறார்கள். முதல் முப்பது வருடச் சராசரியோடு ஒப்பிட்டால் அடுத்த முப்பதில் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. நான் போன ஜனவரி அங்கே நடக்கப் போனபோது பாதி வழி புல்தான், ஷூவில் பனியை விடச் சேறு அதிகம். கற்றுக்கொள்வதென்றால் முதல் வருடமே கற்றுக்கொள்ளட்டும்.

ஓலைவெடி

சார், பனியன் ஜோக்குக்கு மன்னிப்பு. எனக்கும் நிறையத் தெரிஞ்சுது.

மலைக்கோட்டை_அப்பா

மன்னிப்பெல்லாம் எதற்கு தம்பி, மூன்று பனியன் நிஜமாகவே வாங்கிவிட்டேன். அறை விஷயம் முடிந்தது. மகள் நேற்று மூன்றாவது மாடி, கிழக்கு ஜன்னல், வொலே உள்ளதாக ஒன்று பிடித்துவிட்டாள், வாடகை ஃபோன்தேனை விட 60 யூரோ அதிகம், பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். வீடியோவில் வொலேயை இழுத்து மூடிக் காட்டச் சொன்னாளாம், வீட்டுக்காரர் அம்மா சிரித்துக்கொண்டே இரண்டு முறை மூடித் திறந்து காட்டினார்களாம். வாங்கி வைத்த இரண்டு கம்பளியில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, மங்கி குல்லாவை மட்டும் பெட்டியிலிருந்து அவள் எடுத்து வெளியே போடுவதும் நான் உள்ளே வைப்பதுமாக இருக்கிறது.

ஐசேர்_கரை தம்பி சொன்னபடி போனில் லெ வெர்சூவைச் சேர்த்துவிட்டேன். விமான நிலையத்தையும் நீக்கவில்லை. இன்று அவர்கள் நேரம் காலை 7க்கு லெ வெர்சூ 19, விமான நிலையம் 17. நம்ம ஊர் அப்போது 34.

வன்னிப்பூ

குல்லாவை வையுங்கள் ஐயா. நவம்பரில் தேடுவாள்.